இரத்தத்தை அளந்தவர்களும் உஸாமா (ரலி) அவர்களின் பாதங்களும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஒரு போர்வை, நான்கு பாதங்கள்

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நாள் முகமெல்லாம் மலர வீட்டுக்குள் வந்தார்கள். அந்த மகிழ்ச்சிக்கான காரணத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களும் அவர்களுடைய மகன் உஸாமா (ரலி) அவர்களும் ஒரே போர்வையைப் போர்த்திப் படுத்திருக்கிறார்கள். தலைகள் மூடியிருக்கின்றன, பாதங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. அங்க அடையாளங்களைப் பார்த்து உறவைச் சொல்பவர்களை அரபுகள் 'காயிஃப்' என்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரான முஜஸ்ஸிஸ் அல்முத்லிஜீ அந்தப் பாதங்களைப் பார்த்துவிட்டு, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்த பாதங்கள் என்று சொல்லிவிட்டார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

இதில் மகிழ என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஸைத் (ரலி) அவர்கள் வெள்ளை நிறத்தவர். உஸாமா (ரலி) அவர்களோ நல்ல கறுப்பு. காரணம், அவர்களுடைய தாயார் உம்மு அய்மன் பரகா (ரலி) அவர்கள் ஹபஷா நாட்டைச் சேர்ந்தவர்கள். பெருமானாரைச் சிறு வயதில் மடியில் வைத்து வளர்த்த அந்தத் தாயின் நிறம்தான் மகனுக்கு வந்திருந்தது. ஆனால் நயவஞ்சகர்களும் வாயாடிகளும் என்ன பேசினார்கள் தெரியுமா? இந்தக் கறுப்புப் பிள்ளை அந்த வெள்ளைத் தகப்பனுக்குப் பிறந்ததுதானா என்று சந்தேகம் கிளப்பினார்கள். அரபுகள் மதித்த அதே கலையில் தேர்ந்த ஒருவர் வாயாலேயே அந்தப் பேச்சு அடங்கியது. அதனால்தான் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அவர்களுக்கு அந்தப் பிள்ளையின் மீது ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கே பாதம் பார்க்கப்பட்டது ஒரு பிள்ளையைத் தகப்பனோடு சேர்ப்பதற்கு உதவியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்த வாரம் நாம் பேசப்போவது, மனிதர்களின் தலையையும் மூக்கையும் தோலையும் அளந்து, பிள்ளையைத் தாயிடமிருந்தும் மனைவியைக் கணவனிடமிருந்தும் பிரித்த ஒரு வரலாறு. அதை அறிவியல் என்று பெயரிட்டுச் செய்தார்கள்.

'இரத்தத் தூய்மை' எங்கே பிறந்தது?

ஸ்பெயின் நாட்டின் டோலிடோ நகரம், 1449-ஆம் ஆண்டு. யூத முன்னோர்களைக் கொண்டவர்கள், தாங்கள் கிறிஸ்தவத்தை ஏற்றிருந்தாலும்கூட, நகரத்தின் பொறுப்புகளை வகிக்கக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் போடப்பட்டது. அப்போதைய போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதைக் கண்டித்தார். ஆனாலும் அந்த எண்ணம் பரவியது. ஒருவன் எதை நம்புகிறான் என்பது போய், அவன் உடம்பில் ஓடுவது யாருடைய இரத்தம் என்பது கேள்வியாகிவிட்டது. 'இரத்தத் தூய்மை' என்ற சொல்லே அங்கிருந்துதான் உலகெங்கும் போனது.

இந்தச் சட்டங்கள் பிறகு முஸ்லிம் முன்னோர்களைக் கொண்டவர்கள் மீதும் பாய்ந்தன. 1492-இல் கிரனாடா வீழ்ந்தது. அதன் பின் வற்புறுத்தி ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட முஸ்லிம்களை 'மொரிஸ்கோ' என்றழைத்தார்கள். மதம் மாறியும், மூன்று நான்கு தலைமுறை கடந்தும் அவர்கள் ஏற்கப்படவில்லை. 1609 முதல் 1614 வரை சுமார் மூன்று லட்சம் பேர் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கல்பில் இருப்பது மாறலாம், இரத்தம் மாறாது என்பதே அவர்களை விரட்டியவர்களின் வாதம்.

அதே எண்ணம் கப்பலேறி அமெரிக்கக் கண்டத்திற்குப் போனது. அங்கே ஸ்பானியத் தந்தைக்கும் செவ்விந்தியத் தாய்க்கும் பிறந்தால் ஒரு பெயர், ஆப்பிரிக்கத் தாய்க்குப் பிறந்தால் இன்னொரு பெயர், அவர்களின் பிள்ளைகளுக்கு வேறு பெயர். 18-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் இதைப் படங்களாகவே தீட்டினார்கள். தாய், தந்தை, பிள்ளை என்று மூவர் மூவராக, பெரும்பாலும் 16 கட்டங்களில் ஒரு வரிசை. அதில் 'முலாட்டோ' என்று ஒரு பெயர் வரும். கோவேறு கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். கலந்து பிறந்தவரைக் குறிக்கும் 'முவல்லத்' என்ற நம் அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எதுவாக இருந்தாலும், கேட்டவர்கள் காதில் அது கழுதையாகத்தான் விழுந்தது.

மண்டை ஓட்டை அளந்தவர்கள்

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1735-இல் செடிகொடிகளையும் விலங்குகளையும் வகை பிரித்தபோது மனிதனையும் நான்காகப் பிரித்தார். 1758-இல் வந்த பதிப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தையும் எழுதிச் சேர்த்தார். நிறத்தோடு குணம் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியின் புளூமன்பாக் 1795-இல் ஐந்தாகப் பிரித்தார். 'காக்கேசியர்' என்ற பெயரைப் பரப்பியவர் அவர். ஆனால் இந்தப் பிரிவுகளுக்கு இடையில் கோடு கிழிக்க முடியாது, ஒன்று மற்றொன்றில் கலந்து போகிறது என்று அவரே எழுதினார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான மண்டை ஓடுகளைச் சேர்த்தார். முதலில் விதைகளையும், பின்னர் ஈயக் குண்டுகளையும் அவற்றில் நிரப்பி, எந்த இனத்தின் மண்டை எவ்வளவு கொள்ளும் என்று கணக்கெடுத்தார். 1839-இல் நூலாக வந்தது. அதே நாட்டில் ஜோசையா நாட் என்ற மருத்துவர், தாமே அடிமைகளை வைத்திருந்தவர், 1843-இல் ஒரு கட்டுரை எழுதினார். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பிறந்த பிள்ளைகள் கோவேறு கழுதை போல, ஆயுள் குறைந்தவர்கள், சந்ததி விருத்தி குன்றியவர்கள் என்பது அவர் வாதம். பிரான்சின் கோபினோ 1853 முதல் 1855 வரை வெளியிட்ட நூலில், நாகரிகங்கள் அழிந்ததற்குக் காரணமே இரத்தக் கலப்புதான் என்றார்.

இதற்கெல்லாம் அன்றே பதில் சொன்னவரும் உண்டு. ஹெய்ட்டி நாட்டைச் சேர்ந்த கறுப்பின அறிஞர் அந்தெனோர் ஃபிர்மின், பாரிஸ் மானிடவியல் சங்கத்திலேயே உறுப்பினராக இருந்தவர். 1885-இல் மனித இனங்களின் சமத்துவத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி, கோபினோவின் வாதங்களை மறுத்தார். அதைப் படிக்க ஆளில்லை. கோபினோவுக்கு வாசகர்கள் குவிந்தார்கள். ஏனென்றால் நிலத்தையும் அடிமைகளையும் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு எந்த நூல் தேவைப்பட்டதோ, அந்த நூல்தான் விலைபோனது.

ரெஹோபோத், 1908

இன்றைய நமீபியா அன்று ஜெர்மனியின் காலனி. 1904 அக்டோபரில், ஹெரேரோ மக்களை ஒழித்துவிடும்படி தளபதி வான் ட்ரோதா உத்தரவிட்டார். அடுத்து நாமா மக்களும் வேட்டையாடப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் பாலைவனத்தில் தாகத்தாலும், கடலோர முகாம்களில் பசியாலும் குளிராலும் இறந்தார்கள். இறந்தவர்களின் மண்டை ஓடுகள் ஆராய்ச்சிக்காக பெர்லினுக்கு அனுப்பப்பட்டன. முதல் 20 மண்டை ஓடுகள் 2011-இல்தான் ஊர் திரும்பின. அது இனப்படுகொலை என்று ஜெர்மனி ஏற்றுக்கொண்டது 2021-இல்.

அதே காலனியில் 1905-இல் வெள்ளையர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையிலான பதிவுத் திருமணங்கள் தடுக்கப்பட்டன. 1907-இல் விண்ட்ஹூக் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், ஏற்கனவே நடந்த அத்தகைய திருமணங்களும் செல்லாது என்றது. முறையாக மணமுடித்து, பிள்ளை பெற்று, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் ஒரே தீர்ப்பில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை என்றாகிவிட்டார்கள்.

1908-இல் ஆய்கன் ஃபிஷர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அங்கே ரெஹோபோத் என்ற ஊருக்கு வந்தார். அங்கே வாழ்ந்தவர்கள், இன்றும் வாழ்பவர்கள், 'பாஸ்டர்' மக்கள். டச்சு முதலான ஐரோப்பியத் தந்தையருக்கும் கோய்கோய் தாய்மாருக்கும் பிறந்தவர்களின் வழித்தோன்றல்கள். முறைகேடாகப் பிறந்தவன் என்று பொருள்படும் சொல்லையே தம் பெயராக வைத்துக்கொண்டு பெருமையோடு வாழ்கிற சமூகம் அது. ஃபிஷர் அவர்களில் சுமார் 300 பேரின் தலை, மூக்கு, கண் நிறம், முடி எல்லாவற்றையும் அளந்தார். வம்சாவளிகளை எழுதினார். 1913-இல் நூல் வெளியிட்டார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும், சகோதரர்களே! அவர் அளந்தது என்ன காட்டியது? அந்த மக்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள், நிறையப் பிள்ளைகள் பெற்றார்கள். கோவேறு கழுதைக் கதை பொய் என்று அவர் கையிலிருந்த அளவுகோலே சொன்னது. ஆனால் அவர் எழுதிய முடிவு என்ன? தாழ்ந்த இனத்தின் இரத்தத்தை ஏற்ற ஐரோப்பியச் சமூகம் எதுவானாலும் அறிவிலும் பண்பாட்டிலும் சரிந்தே தீரும் என்று எழுதினார். கலப்பினத்தவரைத் தங்களுக்குப் பயன்படும் வரைக்கும் மட்டும் பாதுகாத்தால் போதும் என்ற கருத்தில் ஆலோசனையும் சொன்னார்.

அளவு ஒரு பக்கம் போனது, முடிவு இன்னொரு பக்கம் போனது. முடிவை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்தவனுக்கு அளவுகோல் எதற்கு? பார்ப்பவர்களை நம்ப வைப்பதற்கு.

ரைன் நதிக்கரைப் பிள்ளைகள்

ஃபிஷர் ஏதோ மூலையில் கிடந்த மனிதர் அல்ல. 1927-இல் பெர்லினில் மானிடவியல், மரபியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். 1933-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

முதல் உலகப் போருக்குப் பின் ரைன் நதிப் பகுதியில் பிரெஞ்சுப் படை முகாமிட்டிருந்தது. அதில் மொராக்கோ, அல்ஜீரியா, செனகல், வியட்நாம் போன்ற காலனி நாடுகளின் வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களும் ஏராளம். அவர்களுக்கும் ஜெர்மானியப் பெண்களுக்கும் சில நூறு பிள்ளைகள் பிறந்தன. பத்திரிகைகள் அந்தப் பிள்ளைகளை நாட்டின் அவமானம் என்று எழுதின. 1933-இல் ஃபிஷரின் நிறுவனத்து ஆய்வாளர் ஒருவர் மொராக்கோ, வியட்நாம் வீரர்களின் பிள்ளைகளை அளந்து அறிக்கை தந்தார். 1935-இல், யூதர்களும் மற்ற ஜெர்மானியர்களும் மணமுடிப்பதைத் தடுக்கும் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. 1937-இல் ரகசியமாக, அந்த ஆட்சியின் சொந்தச் சட்டத்திலேயே இடமில்லாத முறையில், ரைன் நதிக்கரைப் பிள்ளைகள் ஏறத்தாழ 400 பேருக்கு இனி பிள்ளை பிறக்காதபடி அறுவை செய்யப்பட்டது. இவர் கலப்பினத்தவர்தான் என்று சான்றளிக்க மானிடவியலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் பலர் அப்போது பதின்வயதினர். நம் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிஷர் என்ன ஆனார்? தண்டனை ஏதுமின்றி 1967 வரை வாழ்ந்து இறந்தார். போருக்குப் பின் அவருக்குக் கௌரவ உறுப்பினர் பட்டமும் கிடைத்தது.

பறிக்கப்பட்ட பிள்ளைகள்

இது ஜெர்மனியோடு நிற்கவில்லை. பெல்ஜியம் ஆண்ட காங்கோ, ருவாண்டா, புருண்டியில், வெள்ளைத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளை அரசே தேடிப் பிடித்தது. நாளை இவர்கள் வெள்ளையருக்கு எதிராகத் தலைமை தாங்கிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். ஆப்பிரிக்கத் தாயிடம் வெள்ளை இரத்தம் வளரக் கூடாது என்ற திமிர் மறுபக்கம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தாயிடமிருந்து பறிக்கப்பட்டு, தொலைதூர மடங்களில் விடப்பட்டார்கள். பிறந்த தேதி மாறியது, பெயர் மாறியது.

2019 ஏப்ரலில் பெல்ஜியப் பிரதமர் சார்லஸ் மிஷேல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அப்படிப் பறிக்கப்பட்ட ஐந்து பெண்கள், எழுபது வயதைத் தாண்டியவர்கள், நீதிமன்றத்தை விடவில்லை. 2024 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், அது மானுடத்திற்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொருவருக்கும் 50,000 யூரோ இழப்பீடு. ஆனால் தாயின் மடியில் கழிந்திருக்க வேண்டிய வருடங்களை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

அறிவியலே கெட்டது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பொய்யைத் திருத்தியதும் அறிவியல்தான். 1911-இல் ஃபிரான்ஸ் போவாஸ், அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தலை அமைப்பே மாறுவதைக் காட்டினார். 1972-இல் ரிச்சர்ட் லெவோன்டின், மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டார். அதாவது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடே பெரும் பகுதி. நிறம் காட்டும் வேறுபாடு மிகச் சிறியது. அறிவு குற்றவாளி அல்ல, அறிவைக் கையில் வைத்திருந்த பெருமை, கிப்ர், அதுதான் குற்றவாளி. நெருப்பால் படைக்கப்பட்ட நான் களிமண்ணால் படைக்கப்பட்டவனைவிட மேலானவன் என்று மூலப்பொருளைக் காட்டி முதன்முதலில் வாதாடியவன் யார் என்பதை அஃராஃப் அத்தியாயம் நமக்குச் சொல்லியிருக்கிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்த்து வைத்த விதம்

ஒரு கிராமவாசி வந்தார். தம் மனைவி கறுப்பாக ஒரு பிள்ளையைப் பெற்றிருப்பதாகச் சொன்னார். அவர் சொன்ன தொனியிலேயே சந்தேகம் இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. அவரிடம் இருக்கும் ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். முன்னோரின் ஏதோ ஒரு நரம்பு அதை இழுத்திருக்கும் என்று அவரே சொன்னார். அப்படியானால் உம் பிள்ளையையும் ஒரு நரம்பு இழுத்திருக்கலாமே என்று முடித்து வைத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. அந்தக் கிராமவாசி நன்கறிந்த ஒட்டக மந்தையைக் கொண்டே ஒரு தாயின் மானம் காக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்குத் தகப்பன் கிடைத்தார்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரோடு வாக்குவாதத்தில் அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். அந்த ஒருவர் பிலால் (ரலி) என்று வேறு அறிவிப்புகள் கூறுகின்றன. பெருமானார் (ஸல்) அவர்கள், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யா ஒட்டியிருக்கிறது என்ற கருத்தில் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற மாபெரும் ஸஹாபியிடம்!

கவனியுங்கள், ஏச்சு தாயின் மீதுதான் விழுந்தது. மேலே நாம் பார்த்த வரலாறு முழுவதும் அதேதான். விண்ட்ஹூக் தீர்ப்பும் தாய்மார் மீது, காங்கோவின் சட்டமும் தாய்மார் மீது. கலப்பு என்று சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் தாயைத்தான் குறிவைத்தார்கள்.

உஸாமா (ரலி) அவர்களை, அந்தத் தாயின் மகனை, நம் நாயகம் எங்கே வைத்தார்கள்? பேரர் ஹஸன் (ரலி) அவர்களோடு சேர்த்து மடியில் வைத்து, இவ்விருவரையும் நேசிக்கும்படி அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். மக்கா வெற்றி நாளில் தம் வாகனத்தில் பின்னால் அமர்த்திக்கொண்டு நகருக்குள் நுழைந்தார்கள். இருபது வயதை ஒட்டிய பருவத்தில், உமர் (ரலி) போன்றவர்கள் இருந்த படைக்குத் தளபதி ஆக்கினார்கள். சிலர் முணுமுணுத்தபோது, இவருடைய தந்தையின் தலைமையையும் நீங்கள் இப்படித்தான் குறை கூறினீர்கள் என்று சுட்டிக்காட்டி, அவர் அதற்குத் தகுதியானவரே என்றார்கள். பின்னர் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், உஸாமா வாகனத்தில் வர, தாம் நடந்தே போய் வழியனுப்பினார்கள்.

நம் பக்கத்தையும் பார்ப்போம்

வெள்ளைக்காரன் செய்த அக்கிரமம் என்று பேசிவிட்டு எழுந்து போவது எளிது. நம் வரலாறும் முழுக்கச் சுத்தம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகப் பிடித்து விற்றவர்களில் முஸ்லிம் வணிகர்களும் இருந்தார்கள். நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாம் சபிக்கப்பட்டதால்தான் கறுப்பர்கள் உருவானார்கள் என்ற இஸ்ராயீலிய்யத்துக் கதை நம் ஆட்களின் நூல்களிலும் நுழைந்தது. இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில் அந்தக் கதையை மறுத்து, நிறத்துக்குக் காரணம் தட்பவெப்பம் என்றார்கள். ஆனால் அதே நூலில் கறுப்பின மக்களைப் பற்றித் தாழ்வான வார்த்தைகளும் இருக்கின்றன. கதையை மறுத்த பேனாவிலேயே அந்தக் காலத்தின் கறையும் இருந்தது. நாம் அதை மறைக்கத் தேவையில்லை. நமக்கு அளவுகோல் குர்ஆனும் சுன்னாவும்தான்.

இந்த அளக்கும் வேலை நம் ஊருக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1791-இல், இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைத் தன் உயர் பணிகளில் சேர்ப்பதைத் தடுத்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கு அளக்கும் கருவியோடு மாகாணம் முழுவதும் சுற்றினார். ஐரோப்பிய, இந்தியக் கலப்பில் பிறந்த யூரேசியர்களையும் அளந்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக, சமூகத் தகுதி குறையும் என்ற கணக்கைச் சொன்னவர். 1909-இல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் நாமும் இருக்கிறோம், அரபு வழியும் உள்ளூர் வழியும் கலந்தவர்கள் என்று.

கடல் கடந்து இலங்கையில், 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று ஓர் உரை நிகழ்த்தினார். சட்டசபையில் சோனகருக்குத் தனி இடம் தேவையா என்ற கேள்வி அப்போது நின்றது. 1907-இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அவர்கள், சோனகர்கள் அரபு வம்சத்தவர்களே என்று மறுப்பு நூல் எழுதினார்கள். சமூகத்தின் உரிமைக்காகப் பேசியவர் மீது நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நீ எந்த இரத்தம் என்று ஆட்சியாளன் கேட்டான். நம்மவர்கள் தகப்பன் பெயரைச் சொல்லி வழக்காடினார்கள். கப்பலில் வந்த அரபுத் தந்தையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அவருக்குச் சோறாக்கிப் போட்டு, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குத் தமிழில் தாலாட்டுப் பாடிய தாயை எங்கே வைத்திருக்கிறோம்?

என் நாவில் வந்த ஒரு சொல்

இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சம்பந்தம் விஷயமாக மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்னிடம் வந்தார். பெண் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர். மார்க்கக் கல்வி படித்த பிள்ளை. தகப்பனார் பரம்பரை முஸ்லிம். தாயார் திருமணத்திற்கு முன் இஸ்லாத்தைத் தழுவியவர். பெரியவர் எல்லாம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஹஜ்ரத், தாய் வழி எப்படி?" என்று கேட்டார். நான், "ரொம்ப நல்ல குடும்பம்தான். தாயார் மட்டும் புதுசா வந்தவங்க" என்றேன்.

'மட்டும்' என்றேன். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர்கள் திரும்ப வரவில்லை. அந்தத் தாயார் ரமளானில் பள்ளிவாசலுக்குக் கஞ்சிக்கு அரிசி அனுப்புகிறவர். அவருடைய தஹஜ்ஜுதைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். அவர் இந்தத் தீனுக்காக விட்டுவந்த தாய் தகப்பனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் அபூதர் (ரலி) அவர்களின் ஹதீஸை ஓதிய என் வாயிலிருந்து 'மட்டும்' வந்தது. பின்னர் அந்தக் குடும்பத்தாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாயார் திரைக்குப் பின்னாலிருந்து, "பரவாயில்ல ஹஜ்ரத், எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார். அந்தப் 'பழக்கம்தான்' இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஃபிஷர் கையில் அளவுகோல் இருந்தது. என் கையில் ஒரு சொல் இருந்தது.

நாம் செய்ய வேண்டியது

'குஃப்வு' என்று ஃபிக்ஹில் சட்டம் இருக்கிறதே, நஸபும் அதில் சேருமே என்று சிலர் கேட்பார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி நூல்களில் அது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பெண்ணும் அவளுடைய வலீயும் விரும்பினால் விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமை. ஒரு குடும்பத்தை இழிவாகப் பேசுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இதில் மார்க்கப் பற்றையே முக்கியமாகப் பார்த்தார்கள். குறைஷி குலத்துப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தங்கள் வந்தபோது, உஸாமாவை மணந்துகொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள்தாம் சொன்னார்கள். முதலில் அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு ஏற்றார்கள். மற்றவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு அதில் அல்லாஹ் நன்மையைத் தந்தான் என்று அவர்களே அறிவிப்பது முஸ்லிமில் இருக்கிறது.

ஆகவே, சம்பந்தம் விசாரிக்க வருபவர்களிடம் தீனையும் குணத்தையும் சொல்லுங்கள். தாய்வழியைக் கேட்டால், கலிமாச் சொன்ன நாளிலிருந்து அவர் நம் தாய் என்று சொல்லுங்கள். வீட்டில் கறுப்பாகப் பிறந்த பிள்ளையை, 'இது யாரைக் கொண்டு பிறந்ததோ' என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் பிள்ளைக்கு முன் தாயைத்தான் சுடும். வெளிநாட்டில் வேலை பார்த்து அங்கேயே மணமுடித்தவர்களின் பிள்ளைகள் ஊருக்கு வந்தால், ஜமாஅத்தில் முன் வரிசையில் இடம் கொடுங்கள்.

ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-வது வசனத்தில் அல்லாஹ், நம் எல்லோரையும் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைத்ததாகவும், கிளைகளாக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்றும், அவனிடம் கண்ணியம் தக்வாவுக்கே என்றும் அறிவிக்கிறான். ரூம் அத்தியாயத்தின் 22-வது வசனத்தில், நம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது அறிவுடையோருக்கு அத்தாட்சி என்கிறான். நிறத்தைப் பார்க்கும்போது அறிவுள்ளவனுக்கு அல்லாஹ்வின் நினைவு வர வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் நாவால் காயப்பட்ட தாய்மார்களின் உள்ளங்களை ஆற்றுவாயாக! தாயிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நீயே நியாயம் வழங்குவாயாக! எங்கள் உள்ளங்களில் ஒட்டியிருக்கும் ஜாஹிலிய்யாவைக் கழுவி, உஸாமாவை நேசித்த உன் ஹபீபின் பார்வையை எங்களுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.